பழுதுபார்க்கும் பணிக்கு ஃபிட்டிங்குகளையும் கருவிகளையும் எப்படிப் பிரித்து எடுத்துச் செல்கிறீர்கள்?

படியேறி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் பிளம்பிங்கில் பழுதுபார்க்கும் பணிகளை மட்டும் தனியாளாகச் செய்து வருகிறேன். புதிய கட்டடங்களில் குழாய் பதிக்கும் வேலை எனக்கு அபூர்வமாகவே வரும். குழாய்க் கசிவு, ஆங்கிள் காக் எனும் சிறு மூடுவால்வை மாற்றுதல், கழிப்பறை சிஸ்டர்ன் பழுது, வாஷ்பேசின் அடைப்பு, மேல்தொட்டியின் மிதவை வால்வு ஆகியவைதாம் அன்றாட வேலைகள். எட்டு ஆண்டுகளாக ஒரு பெரிய இரும்புப் பெட்டியையும் குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங்குகளுக்கென ஒரு சாக்குப்பையையும் வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டேன். சென்ற வாரம் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தபோது பெட்டி 19 கிலோவும் பை 7 கிலோவும் இருந்தன.

எடை போட்டுப் பார்க்கத் தூண்டிய சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் ஒரு குளியலறை; முக்கால் அங்குல சி.பி.வி.சி. (ஒருவகைப் பிளாஸ்டிக்) குழாயில் எல்போ என்னும் வளைவு இணைப்பு விரிசல் விட்டிருந்தது. பெட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு ஏறி, பையைத் தரையில் கொட்டித் துழாவி, கிடைத்த எல்போவை அருகில் வைத்துக்கொண்டு குழாயை அறுத்துவிட்டேன். எல்போ நுழைய மறுத்தது. அறுத்த இடத்தில் பிசிறு இருக்கிறது என்று நினைத்து அரத்தால் தேய்த்தேன்; அப்போதும் நுழையவில்லை. தூசியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் அது யு.பி.வி.சி. என்ற வேறுவகைப் பிளாஸ்டிக்கின் அரை அங்குல எல்போ என்பது விளங்கியது. அன்று மொத்தம் ஐந்து முறை படியிறங்கி ஏறினேன். அந்த வீட்டாருக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போனதற்கு என் பையைத் தவிர வேறு காரணம் இல்லை.

எனவே மூன்று கேள்விகள். ஃபிட்டிங்குகளை எந்தப் பிளாஸ்டிக், எந்த உலோகம் என்று பார்த்துப் பிரிப்பதா, அளவைப் பார்த்துப் பிரிப்பதா, எல்போ, டீ (மூன்று பக்க இணைப்பு), கப்ளிங் (இரு குழாய்களை நேராகச் சேர்ப்பது) என்று வகையைப் பார்த்துப் பிரிப்பதா? ஒவ்வொன்றிலும் எத்தனை வைத்திருந்தால் போதும்? பெட்டி, பை, வாளி ஆகியவற்றில் எது படியேறுவதற்கு ஏற்றது? தனியாளாகப் பழுதுபார்ப்பவர்கள் தங்கள் முறையை விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பழைய ரெஞ்ச் எழுதியது:

நண்பரே, எதைப் பார்த்துப் பிரிப்பது என்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் முறை படியேறும்போது கையில் ஃபிட்டிங் எதற்கு? பழுது என்னவென்று கண்ணால் பார்க்காத நிலையில் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு எல்போவும் ஊகத்தின் பேரில் தூக்கிச் செல்லும் சுமைதான். நான் முதல் ஏற்றத்துக்கென்று தனியாக ஒரு சிறு பை வைத்திருக்கிறேன். பார்ப்பதற்கும் தண்ணீரை நிறுத்துவதற்கும் தேவையானவை மட்டுமே அதில் இருக்கும்: டார்ச், அளவுநாடா, இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள், 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், வாட்டர் பம்ப் பிளையர், உறையிட்ட ஹாக்சா, மரையில் சுற்றும் டெஃப்லான் டேப், திருகு மரையுள்ள அரை அங்குலப் பிளக் மூன்று, அரையிலும் முக்காலிலும் இரண்டிரண்டு எண்ட் கேப் (ஒட்டும் முனைமூடி), சிறிய டின்னில் குழாய் ஒட்டும் சொல்யூஷன், பழந்துணி, பென்சில், சிறு நோட்டு. இவ்வளவும் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டாது.

பிளக்கும் எண்ட் கேப்பும் ஏன் அந்தப் பையில் இருக்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். உடைந்த தண்ணீர் டேப்பைக் கழற்றிவிட்டு அந்த முனையைப் பிளக்கால் மூடிவிட்டால், வீட்டின் மற்ற இடங்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். கசியும் குழாயை அறுத்து எண்ட் கேப்பை ஒட்டிவிட்டாலும், சொல்யூஷன் இறுகுவதற்கு அதன் டின்னில் குறித்துள்ள நேரம் கழிந்த பின் அதே பயன் கிடைக்கும். அதன் பிறகு நீங்கள் நிதானமாகக் கீழே இறங்கி வண்டியில் தேடலாம். கடைக்கே போய் வந்தாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. உங்களை ஐந்து முறை படியேற வைத்தது தவறான எல்போ என்கிறீர்கள். தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்த வீட்டில் அவசரம் அவசரமாகத் தேடியதும் அதற்குச் சமமான காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து, வண்டியில் இருக்கும் சரக்கை நான் வேலை வாரியாகப் பிரித்திருக்கிறேன். கசிவுப் பை, டேப் பை, சிஸ்டர்ன் பை, கழிவுக் குழாய்ப் பை என்று ஜிப் வைத்த நான்கு கித்தான் பைகள். கசிவுப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் இருக்கும் குழாயில் ஒரு துண்டை அறுத்தெடுத்தால் இரண்டு முனைகள் உண்டாகின்றன. ஆகவே கப்ளிங் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். முக்கால் அங்குல சி.பி.வி.சி. கப்ளிங்கில் குழாய் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 18 மி.மீ. உள்ளே போக வேண்டும். அரை அங்குலத்தில் 13 மி.மீ. அளவுக்கு. சுவர் இறுகப் பிடித்திருக்கும் குழாயை அந்த அளவுக்கு நீளவாக்கில் நகர்த்த முடியாவிட்டால், ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போட வேண்டும். அல்லது நான்கு எல்போக்களை வைத்து வெளிப்பக்கமாக வளைத்துக் கொண்டுவர வேண்டும். எனவே இரண்டு கப்ளிங், ஒரு யூனியன், நான்கு எல்போ, ஓரடிக் குழாய்த் துண்டுகள் சில ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் எனக்கு ஒரு பொருள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலைக்கு மற்றவை இருந்து பயனில்லை. எல்போவை ஓரிடத்திலும் யூனியனை வேறிடத்திலும் வைத்திருந்தால், குறைவது எது என்பது மாடியில் போய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

டேப் பையில் மறக்கக் கூடாதது எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (சுவருக்குள் இருக்கும் மரையை வெளியே நீட்டித் தரும் சிறு துண்டு). ஓடு பதித்த சுவருக்குள் மரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது பழைய டேப்பைக் கழற்றும் வரை தெரியாது. அரை அங்குல நீளத்திலிருந்து இரண்டு அங்குல நீளம் வரை ஒவ்வொன்று வைத்திருங்கள்.

நீர்மட்டம் எழுதியது:

மேலே எழுதியவரின் முதல் பை யோசனையை முழுமையாக ஏற்கிறேன். வேலை வாரியாகப் பிரிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு பைகளிலும் அரை அங்குல எல்போவும் டெஃப்லான் டேப்பும் இருக்க வேண்டியிருக்கும். கசிவுப் பையில் தீர்ந்ததும் சிஸ்டர்ன் பையிலிருந்து இரண்டை எடுப்போம். மாலையில் திருப்பி வைக்க மறப்போம். ஆறு மாதத்தில் நான்கு பைகளும் நான்கு சாக்குப்பைகளாகிவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது என்னிடம் இருப்பவை, ஒளி ஊடுருவும் மூடியும் தடுப்பறைகளும் கொண்ட தட்டைப் பெட்டிகள். சி.பி.வி.சி.க்கு ஒன்று, யு.பி.வி.சி.க்கு ஒன்று, பித்தளைக்கும் ஜி.ஐ.க்கும் (துத்தநாகம் பூசிய இரும்பு) தனித்தனி அறைகளோடு ஒன்று. பெட்டி வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: மூடியை அடைத்தால் அது தடுப்புகளின் விளிம்பில் படிந்து உட்கார வேண்டும். அங்கே நூலிழை இடைவெளி இருந்தாலும், பெட்டியைச் செங்குத்தாகத் தூக்கிச் செல்லும்போது வாஷர்கள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்துவிடும். பித்தளையைப் பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளோடு சேர்க்க வேண்டாம். அதன் எடை பிளாஸ்டிக் மரைகளை நசுக்கும். அதன் வெளிமரையும் இரும்புச் சாமான்களோடு உரசினால் பழுதாகும். பழுதான மரையில் எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் சொட்டுவது நிற்பதில்லை.

உங்களுக்கு நேர்ந்த குழப்பம் உங்களுடைய கவனக்குறைவு மட்டுமன்று. அரை அங்குல யு.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ.; முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. யு.பி.வி.சி. இரும்புக் குழாயின் அளவு வரிசையையும், சி.பி.வி.சி. செம்புக் குழாயின் அளவு வரிசையையும் பின்பற்றுவதால் வந்த வினை இது. இதே காரணத்தால் அரை அங்குல சி.பி.வி.சி. 15.9 மி.மீ. தான் இருக்கும். வெளிறிய மஞ்சள் நிறம் சி.பி.வி.சி.யைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் சிமெண்டுத் தூசி படிந்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே ஒரே நிறம்.

இதில் சூடாக்கி இணைக்கும் பி.பி.ஆர். பிளாஸ்டிக் வேறு புகுந்துகொண்டு குழப்புகிறது. அதில் 20 மி.மீ. என்று குறித்திருந்தால் அதுவே வெளிவிட்டம். வழக்கில் அதை அரை அங்குலக் குழாயின் இடத்தில் வைப்பார்கள். சி.பி.வி.சி.யில் 20 மி.மீ. என்று அச்சிட்டிருந்தால் அது முக்கால் அங்குலத்துக்கான பெயரளவு. ஆகவே பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் ‘20’ என்று மட்டும் எழுதி வைத்தால், அது யாருக்கும் எதையும் சொல்லாது. குழாயின் வகையையும் அங்குல அளவையும் சேர்த்து, ஒரு கை தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள். நான் அறைகளின் அடித்தளத்திலும் எழுதியிருக்கிறேன். அறை காலியாகும்போது எது தீர்ந்தது என்பதை அந்த அறையே சொல்லிவிடும்.

மரை அளவுக்கு இன்னொரு வழி. அரை, முக்கால், ஒன்று ஆகிய மூன்று அளவுகளிலும் ஒவ்வொரு பித்தளை நிப்பிளும் (வெளிமரை உள்ளது) ஒவ்வொரு சாக்கெட்டும் (உள்மரை உள்ளது) எடுத்து ஒரு கம்பி வளையத்தில் கோத்து, முதல் பையில் தொங்கவிடுங்கள். அவற்றை எந்த வேலைக்கும் கழற்றக் கூடாது; அளவு பார்ப்பதற்கு மட்டுமே. அரை அங்குல மரையை ஸ்கேலால் அளந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. வரும்; அதை முக்கால் அங்குலம் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போகும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரைகளை எண்ணிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் தரக் குழாய் மரையில் அரைக்கும் முக்காலுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்றுகள்தாம். ஓர் அங்குலத்தில்தான் அது 11 ஆகக் குறையும். தெரிந்த நிப்பிளைக் கையால் நான்கு சுற்றுத் திருகிப் பார்ப்பதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

கிடங்குக்காரர் எழுதியது:

நான் களத்தில் இறங்கி வேலை செய்பவன் அல்லன். ஐந்து குழுக்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்துக் கணக்கு வைப்பவன். எனவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எத்தனை வைத்திருப்பது என்பதை ஊகித்துத் தொடங்காதீர்கள். ஒரு மாதம், ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னென்ன போட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். மாத முடிவில், ஒவ்வொரு பொருளும் அதிகமாகச் செலவான ஒரு நாளைப் பாருங்கள். அந்த நாளின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு வண்டியில் இருந்தால், நாள்தோறும் கடைக்குப் போக முடியாதவருக்கும் அநேகமாகப் போதும். பெரும்பாலானவர்கள் சராசரியைக் கணக்கிட்டு ஏமாந்துபோகிறார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக ஓர் எல்போ செலவாகிறது என்பது உண்மையாக இருக்கலாம்; ஆனால் எல்போ ஒவ்வொன்றாகச் செலவாவதில்லை. நான்கு நாள் ஒன்றும் செலவாகாமல் இருந்து, ஐந்தாம் நாள் ஒரே வீட்டில் ஐந்து போகும்.

அந்த இரண்டு மடங்கையும் ஒரே அறையில் கொட்டாமல் இரண்டு உறைகளில் பாதிப் பாதியாகப் போட்டு வையுங்கள். முதல் உறை காலியானதும் அந்த வெற்று உறையைச் சட்டைப்பையிலோ வண்டியின் முன்பக்கத்திலோ செருகிக்கொள்ளுங்கள். மாலையில் செருகியிருக்கும் உறைகளை எடுத்துப் பார்த்தால் அதுவே வாங்க வேண்டியவற்றின் பட்டியல். தனியாக எழுதத் தேவையில்லை. எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை என்பது என் அனுபவம். இரண்டாம் உறை கையில் இருப்பதால் அன்றைய வேலையும் நிற்காது.

ஒரு விதியை மட்டும் எங்கள் குழுக்களில் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய சாமான் எதுவும் ஃபிட்டிங் பெட்டிக்குள் திரும்பக் கூடாது. அதற்கென்று தனிப் பை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும். ‘என்றாவது உதவும்’ என்று எடுத்து வைக்கும் பாதி தேய்ந்த டேப் ஸ்பிண்டில் ஒரு நாளும் உதவுவதில்லை. ஆனால் புதியது என்று நினைத்து நான்காம் மாடிவரை தூக்கிச் செல்லப்படுவதற்கு அது தவறுவதே இல்லை. என் வீட்டிலும் அத்தகைய சாமான்கள் நிறைந்த டின் ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படியேறி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வேலை வாரியாகவா, குழாய் வகை வாரியாகவா என்பதில் நீங்கள் இருவரும் இரு துருவங்களில் நிற்பதால் நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இதற்கிடையில் வேறு மூன்று சங்கடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, சொல்யூஷன் டின் பைக்குள் சாய்ந்து கொட்டி ஓ ரிங் (ரப்பர் வளையம்) பொட்டலம் முழுவதும் பாழானது. இரண்டாவது, நீளக் குழாயைப் படிக்கட்டில் திருப்பிக் கொண்டுபோவதற்குள் சுவரில் கோடு விழுகிறது. மூன்றாவது, இடது தோளில் ஒரு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எடையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

அரை அங்குலம் எழுதியது:

வலியிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், 1991இல் திருத்திய தன் தூக்குதல் சூத்திரத்தில் 23 கிலோவை உச்ச எடையாக வைத்தது. அதுவும் உடலோடு ஒட்டி, இடுப்புயரத்தில், திரும்பாமல், நன்றாகப் பிடிக்க வாகான ஒன்றை, இரண்டு கைகளாலும் எப்போதாவது தூக்கும் மிகச் சாதகமான நிலைக்குத்தான். ஒற்றைக் கையால் தூக்குவதும் சுமையோடு படியேறுவதும் அந்தச் சூத்திரத்தின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. நீங்கள் இரண்டு சுமையாக 26 கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறீர்கள்.

படியேறும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு பெட்டியா பையா வாளியா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானாகவே விடை கிடைத்துவிடும். இரும்புப் பெட்டி வண்டியில் தங்கட்டும். வெறும் பெட்டியை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள், பல மாடிகளுக்கு வெறும் தகரத்தைத் தூக்கித் திரிந்திருப்பது தெரியும். இரண்டு தோள்களிலும் மாட்டும் முதுகுப்பைதான் கருவிகளுக்கு நல்லது. அடிப்பகுதி கெட்டியாக, தரையில் வைத்தால் சாயாமல் நிற்பதாக இருக்க வேண்டும். ஈரத் தரையில் அடிக்கடி வைக்கப் போகிறோம். கனமானவை முதுகை ஒட்டியும், அடிக்கடி எடுப்பவை வெளிப்பக்கத்திலும் இருக்கட்டும். வாளியை நான் வெறுப்பவன் அல்லன். வாஷ்பேசினின் அடியிலுள்ள டிராப் எனும் வளைகுழாயைக் கழற்றும்போது கீழே வைக்க எப்படியும் ஒரு வாளி தேவை. ஆனால் அதற்குள் கருவிகளை நிரப்பிக் கொண்டுபோனால், தண்ணீர் பிடிக்க வேண்டிய நேரத்தில் கருவிகளைத் தரையில் பரப்ப வேண்டிவரும்.

கருவிகளில் முதலில் கை வைக்க வேண்டியது பைப் ரெஞ்சில். 14 அங்குல ரெஞ்ச் இரண்டு அங்குலக் குழாய்வரை பிடிக்கும். வீட்டுப் பழுதுகளுக்கு அதைவிடப் பெரியது நாள்தோறும் தேவைப்படாது. 18 அங்குலத்தை வண்டியிலேயே விட்டுவிடலாம். அலுமினியப் பிடியுள்ள ரெஞ்ச் அதே அளவு வார்ப்பிரும்பு ரெஞ்சைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைவாக இருக்கும். இரும்பைப் போல அதைச் சுத்தியலாகப் பயன்படுத்த முடியாது என்று சிலர் குறை சொல்வார்கள். ரெஞ்சைச் சுத்தியலாகப் பயன்படுத்துவதே தவறு என்பதால் அந்தக் குறையை நான் பொருட்படுத்துவதில்லை.

குழாயை முழு நீளத்தில் மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். கசிவு வேலைக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் தேவைப்படாது. அரையிலும் முக்காலிலும் ஒரு மீட்டர்த் துண்டுகளாக அறுத்து, நான்கு அங்குலக் கழிவுக் குழாய் ஒன்றுக்குள் அம்பறாத்தூணியில் அம்பைப் போடுவது போலப் போட்டு, இரு முனையிலும் மூடி மாட்டி, தோளில் தொங்க ஒரு வார் கட்டிவிடுங்கள். சுவரிலும் கோடு விழாது. குழாயின் வாயில் மண்ணும் புகாது. நீளமான ஹாக்சா பிளேடுகளும் அதற்குள் அடங்கும்.

சொல்யூஷன் விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களால் ஆனது. கரைந்து ஒட்டுவதுதான் அதன் வேலை என்பதால், பிளாஸ்டிக்கோ ரப்பரோ அருகில் இருந்தால் அதையும் விட்டுவைக்காது. திருகு மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் துணி வைத்து, டின்னை நிமிர்த்தி உட்கார வைத்து, அந்த டப்பாவைப் பையின் வெளிப்புற அறையில் தனியாகக் கொண்டுசெல்லுங்கள். ஓ ரிங், வாஷர், பேட்டரி வைத்த கருவிகள், பி.பி.ஆர். சூட்டுக் கருவி ஆகியவற்றோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம். பூட்டிய வண்டிக்குள் வெயிலில் விட்டுச் செல்லவும் கூடாது. பெரிய டின் வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் திறந்து திறந்து மூடும்போது கரைப்பான் ஆவியாகி எஞ்சியது கெட்டிப்படும். கூழாகிவிட்ட சொல்யூஷனை எதையாவது ஊற்றி இளக்கிப் பயன்படுத்தினால் இணைப்பு நிற்காது. அதைக் கழித்துவிட வேண்டியதுதான். அதனால் சிறிய டின்களே நல்லவை. சி.பி.வி.சி.க்கும் யு.பி.வி.சி.க்கும் சொல்யூஷன் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூடியின் மேலும் எழுதி வையுங்கள்.

ஓ ரிங்குகளைக் கம்பியிலோ ஆணியிலோ தொங்கவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தொங்கும் இடத்தில் அவை இழுபட்டு வடிவம் கெடும். வெயில் படாத உறையில் தட்டையாகப் படுக்க வைப்பதே போதுமானது. ரெஞ்சுக்குப் போடும் எண்ணெயும் அவற்றின் மேல் படக் கூடாது. குழாய் வேலைகளில் பயன்படும் சிலவகை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். மசகு தேவைப்பட்டால் சிலிக்கான் கிரீஸ் வைத்துக்கொள்ளுங்கள். பால் வால்வுகளைத் திறந்த நிலையில் வைத்துக் கொண்டுசெல்வது நல்லது. உள்ளே இருக்கும் குண்டின் பளபளப்பான பரப்பு கீறல் படாமல் இருக்கும்.

இதுவரை யாரும் எழுதாத ஒன்று: அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பி, பம்ப், கழிவுக் குழாயில் பயன்படுத்திய கையுறை ஆகியவற்றுக்கு மூடியுள்ள தனி வாளி கட்டாயம் வேண்டும். வாஷ்பேசின் அடைப்பை எடுத்த கம்பியைச் சுருட்டி, குடிநீர் டேப்பின் வாஷர் இருக்கும் பையிலேயே செருகுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுக்குப் பக்கத்துக்கென ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் தனியாக ஒதுக்கி, பிடியில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். அந்தச் சிவப்பு எந்த நிலையிலும் மற்ற பைக்குள் நுழையக் கூடாது.

பழைய ரெஞ்ச் எழுதியது:

நீர்மட்டம் அவர்களின் குறை நியாயமானதே. நான்கு பைகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடன் வாங்கும் பழக்கம் என்னிடமும் இருந்தது. நான் கண்ட தீர்வு, வண்டியில் இருக்கும் மூலச் சரக்கைக் குழாய் வகை வாரியாக வைத்துக்கொண்டு, வேலைப் பைகளை அதிலிருந்து நிரப்புவது. பைக்குள் ஓர் அட்டை இருக்கும். அதில் என்னென்ன எத்தனை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வேலை முடிந்து வண்டிக்குத் திரும்பியதும், இருக்கையில் உட்காரும் முன்பே அட்டையைப் பார்த்து நிரப்பி ஜிப்பை மூடிவிடுவேன். ஜிப் மூடியிருந்தால் பை முழுமையாக இருக்கிறது என்று பொருள். திறந்திருந்தால் குறை இருக்கிறது என்று பொருள். அவருடைய தட்டைப் பெட்டிகளும் என்னுடைய பைகளும் அப்போது ஒன்றுக்கொன்று போட்டியாக இருப்பதில்லை. மாதத்துக்குப் பதினைந்து வேலைக்கும் குறைவாகச் செய்பவருக்கு இந்த இரண்டடுக்கு முறை அதிகப்படி. அவர் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீர்மட்டம் எழுதியது:

அட்டை இருக்குமானால் எனக்கு மறுப்பில்லை. வேலைக்கு அழைக்கும்போதே கசியும் இடத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழாயின் நிறமும் பருமனும் தெரிந்துவிட்டால் எந்தப் பை வேண்டும் என்பதை வண்டியை எடுக்கும் முன்பே தீர்மானித்துவிடலாம். படத்தை மட்டும் நம்பி முதல் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். படத்தில் தெரியும் ஈரம் ஓரிடத்திலும் கசிவு வேறிடத்திலும் இருப்பது வழக்கம்தான்.

படியேறி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரும்புப் பெட்டி இப்போது வண்டியில் மூலச் சரக்கோடு இருக்கிறது. வெறும் பெட்டியின் எடை மட்டும் 6 கிலோ என்பதை அறிந்தபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. தட்டைப் பெட்டிகள் இரண்டு வாங்கியிருக்கிறேன். வேலைப் பைகளில் கசிவுப் பையையும் டேப் பையையும் மட்டும் தைத்துக்கொண்டேன். சிஸ்டர்ன் வேலைக்கு அவ்வப்போது பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்வதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. முதல் பை நிப்பிள் வளையத்தையும் சேர்த்து 4.3 கிலோ வந்தது. நான்கு அங்குலக் குழாய்த் தூணியைப் பார்த்து ஒரு வீட்டுச் சிறுவன் அதில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று கேட்டான்.

நோட்டுக் கணக்கு இன்னும் மாதத்தை எட்டவில்லை. ஆனாலும் ஒன்று இப்போதே தெரிகிறது: நான் அதிகமாகச் சுமந்து திரிந்த டீக்களில் இந்த மூன்று வாரத்தில் இரண்டுதான் செலவாகியிருக்கின்றன, குறைவாக வைத்திருந்த அரை அங்குல எக்ஸ்டென்ஷன் நிப்பிள்கள் பதினொன்று போய்விட்டன. ஐந்து முறை ஏற வேண்டி வந்த நாள் மறுபடி வரவில்லை. மூன்று முறை ஏறிய நாள் ஒன்று உண்டு. அன்று கீழே விட்டுவந்தது சொல்யூஷன் டப்பா. அது தனியாக இருப்பதால் அதை மாட்டிக்கொள்ள மறந்துவிடுகிறேன். டப்பாவைப் பையோடு நிரந்தரமாகக் கொக்கியிட்டு வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், எப்படிப் பொருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

அரை அங்குலம் எழுதியது:

டப்பாவின் கழுத்தில் பைப் கிளாம்ப் ஒன்றை முடுக்கி, அதன் காதில் சாவிக்கொத்து மாட்டும் கொக்கியைப் போட்டுப் பையின் பக்கவாட்டு வாரில் மாட்டியிருக்கிறேன். டப்பா ஆடாமலிருக்கக் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஓர் ஒட்டுப்பட்டை போதும். கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், மூடி திருகாது.